கொலைகாரன் திருந்துவானா?

1972-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14-ந் தேதி.

மத்தியப் பிரதேசத்தில், மொரேனா மாவட்டத்தில், ஜௌரா என்று ஓர் ஊர். அங்கே ஒரு மேடை. மேடையில் காந்தி அடிகளின் படம். சுற்றிலும் ஆயிரக்கணக்கான மக்கள்.

ஒருவன் மேடை ஏறி வருகிறான். தோளில் துப்பாக்கி. அதைக் கழற்றிக் காந்தி படத்தின் முன்னால் வைக்கிறான். கை கூப்பி வணங்குகிறான்.

அவன் பெயர் மோகர் சிங். சம்பல் பள்ளத்தாக்கை நடுநடுங்க வைத்த கொள்ளைக் கூட்டத்தின் தலைவன். அவனைப் பிடித்துக் கொடுத்தால் 2 லட்சம் ரூபாய் பரிசு என்று போலீசார் அறிவித்து இருந்தார்கள்.

அவன் பின்னால் இன்னொருவன். அதற்குப் பின்னால் இன்னொருவன். அன்று தொடங்கி, நூற்றுக்கணக்கான கொள்ளைக்காரர்கள் இப்படி வரிசையாக வந்து ஆயுதங்களைக் கீழே வைத்தார்கள்.

கூட்டத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அதே பள்ளத்தாக்கில், இவர்களால் கணவனை இழந்த பெண்கள் இருந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் இருந்தார்கள். அவர்கள் கை தட்டி இருப்பார்களா?

கொலைகாரன் திருந்துவானா என்பது ஒரு கேள்வி. திருந்தியவனை மன்னிக்கலாமா என்பது வேறு ஒரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் தான் இந்த விஷயத்தில் இவ்வளவு சண்டை.

காண்டிராக்டர் வேடம்

முதல் கேள்விக்குச் சம்பல் பள்ளத்தாக்கே பதில் சொல்லி இருக்கிறது. அந்தக் கதை சுவையானது.

1971-ம் ஆண்டு. பீகார் தலைநகரான பாட்னாவில் சர்வோதயத் தலைவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் வீட்டுக்கு ஒருவன் வந்தான். தன் பெயர் ராம் சிங் என்றும், தான் ஒரு காண்டிராக்டர் என்றும் சொன்னான்.

சம்பல் கொள்ளைக்காரர்கள் பலர் மனம் மாறி இருக்கிறார்கள், நீங்கள் வந்தால் சரண் அடைவார்கள் என்றான்.

ஜெயப்பிரகாசுக்கு உடம்பு சரி இல்லை. தன்னால் வர இயலாது என்றார். வந்தவன் விடவில்லை. திரும்பத் திரும்பக் கெஞ்சினான். கடைசியில் உண்மையை உடைத்தான். அவன் ராம் சிங் அல்ல. காண்டிராக்டரும் அல்ல. அவன் தான் மாதோ சிங்! போலீசார் வலை வீசித் தேடிக் கொண்டு இருந்த பெரும் கொள்ளைக்காரன். முன்பு ராணுவத்தில் வேலை பார்த்தவன்.

ஒரு வார்த்தை வெளியே போய் இருந்தால் அவன் உயிர் போய் இருக்கும். அப்படி இருந்தும் வந்தான். ஜெயப்பிரகாஷ் அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை. சர்க்காருடன் பேசுவதற்கு ஒப்புக் கொண்டார்.

என்ன பேசினார்? "எல்லாரையும் விட்டு விடுங்கள்" என்று அவர் கேட்கவில்லை. இதைப் பலர் மறந்து விடுகிறார்கள்.

வழக்கு நடக்கட்டும். குற்றத்தை ஒப்புக் கொள்ளட்டும். தண்டனையை அனுபவிக்கட்டும். ஆனால், தானாக வந்து ஆயுதத்தை வைத்தவனைத் தூக்கில் போட வேண்டாம். அவர் கேட்டதில் முக்கியமானது இது தான்.

மத்திய சர்க்காரும் மாநில சர்க்கார்களும் இணங்கின. ஜௌராவில் மேடை போடப்பட்டது.

ஜௌராவில் காந்தி பெயரால் ஓர் ஆசிரமம் இருந்தது. அதை 1970-ல் நிறுவியவர் சுப்பாராவ். பெங்களூரில் பிறந்தவர். அவர் பெயரின் முன்னால் உள்ள "எஸ்" என்ற எழுத்து சேலத்தைக் குறிக்கும். சரண் அடைந்தவர்களுக்கும் சர்க்காருக்கும் நடுவில் நின்று உழைத்தவர்களில் அவரும் ஒருவர். 2021-ல் காலமானார்.

தூது போனவர்கள் யார்?

ஜெயப்பிரகாஷ் பள்ளத்தாக்குக்கு வருவதற்கு முன்னால், காட்டுக்குள் தூது போக ஆள் வேண்டும். யார் போவது? போலீஸ் போனால் சுடுவார்கள். அதிகாரி போனால் நம்ப மாட்டார்கள்.

போனவர்களில் இரண்டு பேரின் பெயர் முக்கியமானது. ஒருவர் தகசில்தார் சிங். இன்னொருவர் லோக்மன். இருவருமே பழைய கொள்ளைக்காரர்கள்!

தகசில்தார் சிங்கின் தகப்பன் மான் சிங். அந்தப் பெயரைக் கேட்டால் மூன்று மாநிலங்களில் குழந்தைகள் அழுகையை நிறுத்திய காலம் உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட கொலைகள் அவன் மீது சுமத்தப்பட்டு இருந்தன. 1955-ல் சுட்டுக் கொல்லப்பட்டான். (அவன் சொந்த ஊரில் அவனுக்குக் கோயில் கட்டி இருக்கிறார்கள். கொள்ளைக்காரனைத் திருத்துவது ஒன்று. அவனைத் தெய்வம் ஆக்குவது வேறு. இந்த இரண்டாவது வேலை நாட்டுக்குத் தேவை இல்லாதது.)

மகன் தகசில்தார் சிங் பிடிபட்டான். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. நைனி ஜெயிலில் சாவை எதிர்பார்த்துக் கொண்டு இருந்தபோது, பூமிதான இயக்கத் தலைவர் வினோபா பாவேக்கு ஒரு கடிதம் எழுதினான். தங்கள் பக்கத்து ஊர்களுக்கு அவர் வர வேண்டும் என்று கேட்டான்.

வினோபா வந்தார். 1960-ம் ஆண்டு மே மாதம், சுட்டெரிக்கும் வெயிலில், சம்பல் பள்ளத்தாக்கில் நடந்தார். கையில் ஆயுதம் கிடையாது. 20 பேர் அவரிடம் சரண் அடைந்தார்கள். அவர்களில் ஒருவன் தான் லோக்மன். மான் சிங் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

தகசில்தார் சிங்கின் தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

அந்தத் தகசில்தார் சிங்கும், அந்த லோக்மனும் தான் 12 ஆண்டுகள் கழித்து, "துப்பாக்கியை வையுங்கள்" என்று சொல்ல மற்றக் கொள்ளைக்காரர்களிடம் போனார்கள். ஒருவனைத் தூக்கில் போட்டிருந்தால் நாட்டுக்கு ஒரு பிணம் மிச்சம். உயிரோடு விட்டதால், நூற்றுக்கணக்கான துப்பாக்கிகள் காந்தி படத்தின் முன் வந்து சேர உதவி கிடைத்தது.

மனிதன் மாறுவான் என்பதற்கு இதை விடச் சாட்சி வேண்டுமா?

எல்லாம் நிலத் தகராறு

கொள்ளைக்காரன் என்றால் குதிரையில் வருவான் என்று சினிமா சொல்லிக் கொடுத்து இருக்கிறது. சம்பல் கொள்ளைக்காரர்கள் பெரும்பாலும் நடந்தே போனார்கள். மழைநீர் மண்ணை அரித்து அரித்து உண்டாக்கிய பள்ளங்களும் மேடுகளும் தான் அவர்களுடைய கோட்டை.

அங்கே போனவர்களின் கதையைக் கேட்டால், பாதிக் கதை வயல் வரப்பில் தொடங்குகிறது. மோகர் சிங்குக்கு நிலத் தகராறு. பிறகு 1982-ல் சரண் அடைந்த மல்கான் சிங்குக்குக் கோயில் நிலத் தகராறு. பான் சிங் தோமர் ராணுவ வீரன். தடை தாண்டும் ஓட்டத்தில் தேசிய சாம்பியன். 1958-ல் டோக்கியோ ஆசியப் போட்டியில் இந்தியாவுக்காக ஓடியவன். அவனும் நிலத் தகராறில் தான் துப்பாக்கி தூக்கினான். 1981-ல் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டான்.

தாலுகா ஆபீசில் நியாயம் கிடைத்திருந்தால் இவர்களில் சிலர் கடைசி வரை விவசாயிகளாகவே இருந்திருப்பார்கள். ஆனால், நிலத்தை இழந்த எல்லாரும் கொலை செய்யவில்லை. அதே ஊரில், அதே அநியாயத்துக்கு ஆளாகி, பல்லைக் கடித்துக் கொண்டு கூலி வேலைக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கொலைக்குக் காரணம் சொல்லலாம். காரணம் சொல்வதால் கொலை சரி ஆகி விடாது.

ஒரு போலீஸ் அதிகாரியின் கோபம்

1960-ல் வினோபாவை எல்லாரும் பாராட்டவில்லை. மத்தியப் பிரதேசப் போலீஸ் தலைவராக இருந்த ருஸ்தம்ஜி வெளிப்படையாகக் குறை சொன்னார். கொள்ளைக்காரர்களுக்கு இவ்வளவு மரியாதை செய்தால், அவர்களுடன் போராடும் போலீஸ்காரர்களின் மனம் தளர்ந்து போகும் என்பது அவர் வாதம்.

இந்த ருஸ்தம்ஜி கல் நெஞ்சக்காரர் அல்ல. எல்லைப் பாதுகாப்புப் படையின் முதல் தலைவராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு, விசாரணை இன்றி ஆண்டுக் கணக்கில் பீகார் ஜெயில்களில் வாடிய ஏழைகளைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். அதை வைத்துத் தான் 1979-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு நடந்தது. ஏராளமான ஏழைக் கைதிகள் விடுதலை ஆனார்கள். கைதிக்காக இரங்கத் தெரிந்த மனிதர் தான் கொள்ளைக்காரனுக்கு மாலை போடாதே என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. மேடை ஏறிய கொள்ளைக்காரனின் படம் பத்திரிகைகளில் வந்தது. அவனைப் பிடிக்கப் போய்ச் செத்த போலீஸ்காரனின் படம் எத்தனை பத்திரிகைகளில் வந்தது?

இன்னொரு குறையும் சொல்வார்கள். 1972-க்குப் பிறகும் சம்பலில் புதுப் புதுக் கூட்டங்கள் வந்தன, கொள்ளை ஓயவில்லை என்று. அது உண்மை தான். ஆனால், சரண் அடைந்தவன் திருந்தினான் என்பதை அது பொய் ஆக்கவில்லை. நிலத் தகராறும் சாதிப் பகையும் அப்படியே இருந்தன. அதனால் புதிய ஆட்கள் வந்தார்கள்.

சரண் அடைந்தவர்கள் என்ன ஆனார்கள்?

வழக்கு நடந்தது. தண்டனை கிடைத்தது. முங்காவலி என்ற இடத்தில் இவர்களுக்காகத் திறந்தவெளிச் சிறை ஏற்படுத்தப்பட்டது.

மோகர் சிங் 8 ஆண்டு சிறையில் இருந்தார். வெளியே வந்து மெகான் என்ற ஊரில் குடி இருந்தார். அங்கே உள்ளாட்சி மன்றத் தலைவராகவும் ஆனார். 1982-ல் ஒரு சினிமாவிலும் நடித்தார். 2020-ம் ஆண்டு மே மாதம், 90 வயதைக் கடந்து, இயற்கையாக மரணம் அடைந்தார். காண்டிராக்டர் வேடம் போட்ட மாதோ சிங், பின்னால் மேடைகளில் மந்திர வித்தை காட்டினார். வேடம் போடுவது அவருக்குப் பழக்கம் தானே! இன்னொருவர் பஞ்சம் சிங். பிரம்ம குமாரிகள் இயக்கத்தில் சேர்ந்து, வெள்ளை உடை அணிந்து, ஊர் ஊராகப் போய்ப் போதனை செய்தார்.

காவல் இல்லாத சிறை என்றால் ஓடிவிட மாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. இந்தப் பரீட்சை சம்பலுக்கு முன்பே நடந்தது. 1939-ல், இன்றைய மராட்டிய மாநிலத்தில் உள்ள ஔந்து சமஸ்தானத்தில், சுவதந்திரபூர் என்ற இடத்தில் சுவர் இல்லாத சிறை ஒன்று தொடங்கப்பட்டது. கைதிகள் நிலத்தை உழுது பயிர் செய்தார்கள். அதை வைத்துத் தான் சாந்தாராம் 1957-ல் "தோ ஆங்கேன் பாரா ஹாத்" என்ற இந்திப் படத்தை எடுத்தார். ஒரு ஜெயில் அதிகாரி ஆறு கொலைகாரர்களை அழைத்துப் போய் விவசாயம் செய்ய வைக்கும் கதை. தமிழில் 1975-ல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த "பல்லாண்டு வாழ்க" அதே கதை தான். தாய்மார்கள் கண்ணீர் விட்டுப் பார்த்த படம்.

புத்தர் சொன்ன பதில்

இனி இரண்டாவது கேள்வி. திருந்தியவனை மன்னிக்கலாமா?

வால்மீகி வழிப்பறிக்காரராக இருந்து முனிவர் ஆனார் என்று பாட்டி கதை சொல்வாள். திருமங்கை ஆழ்வாரும் வழிப்பறி செய்தவர் தான். இந்தக் கதைகளில் ஒரு குறை உண்டு. பறிகொடுத்தவன் என்ன ஆனான் என்று கதை சொல்வது இல்லை.

பௌத்தர்களின் அங்குலிமாலன் கதை அதைச் சொல்கிறது. அவன் ஆட்களைக் கொன்று, விரல்களை வெட்டி மாலையாகப் போட்டுக் கொண்டவன். புத்தரைக் கொல்லப் போய், அவருக்கே சீடன் ஆனான். அவனைப் பிடிக்கப் படையோடு வந்த கோசல நாட்டு அரசன் பசேனதி, துறவி உடையில் அவனைப் பார்த்துத் திகைத்தான். தண்டிக்காமல் திரும்பிப் போனான்.

அரசன் விட்டுவிட்டான். ஊர் விட்டதா? பிச்சை எடுக்கப் போன அங்குலிமாலன் மீது கல்லும் கட்டையும் வந்து விழுந்தன. மண்டை உடைந்து ரத்தம் ஒழுக, ஓடு நொறுங்கி, துணி கிழிந்து திரும்பி வந்தான்.

ஊராரைப் போய்த் திட்டுகிறேன் என்று புத்தர் கிளம்பினாரா? இல்லை. "பொறுத்துக் கொள்" என்று அவனிடம் தான் சொன்னார். செய்த வினையின் பலன் அது என்றார்.

எவ்வளவு நியாயமான பேச்சு! அவன் திருந்தியது உண்மை. அதற்காக, கல் எறிந்தவனைப் பார்த்து "ஏன் இன்னும் மன்னிக்கவில்லை?" என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

பெமாய் கிராமம்

சம்பலில் இதற்கும் உதாரணம் இருக்கிறது. மனதைப் பிசையும் உதாரணம்.

1981-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி. உத்தரப் பிரதேசத்தில் பெமாய் என்ற கிராமத்துக்குள் ஒரு கொள்ளைக் கூட்டம் புகுந்தது. 20 ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொன்றது. அந்தக் கூட்டத்தின் தலைவி பூலான் தேவி என்று வழக்கு.

பூலான் தேவி ஏழைப் படகோட்டி சாதியில் பிறந்தவள். சிறு வயதிலேயே கல்யாணம் என்ற பெயரில் கொடுமைப்பட்டவள். பெமாயில் அவளை அடைத்து வைத்து, ஒரு பெண்ணுக்கு நடக்கக் கூடாத கொடுமைகளைச் செய்தார்கள். அதற்குப் பழி தான் இந்தக் கொலைகள் என்று பேசப்பட்டது. தான் யாரையும் சுடவில்லை என்று அவள் பிறகு சொன்னாள்.

1983 பிப்ரவரியில், பிந்து நகரில், முதல்-மந்திரி அர்ஜுன் சிங் முன்னிலையில் சரண் அடைந்தாள். 11 ஆண்டு ஜெயில். ஆனால் விசாரணை முடியவில்லை! 1994-ல் வெளியே வந்தார். 1996-ல் மிர்சாபூர் தொகுதியில் வென்று பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார். 2001-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி டெல்லியில் அவரது வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பெமாய்க்குப் பழி வாங்கியதாகக் கொலையாளி சொன்னான். அவனுக்கு 2014-ல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

பெமாய் வழக்கில் எப்போது தீர்ப்பு வந்தது தெரியுமா? 2024-ல்! 43 ஆண்டு கழித்து! குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதற்குள் செத்துப் போனார்கள். எஞ்சி இருந்தவர்களில் ஒருவருக்கு ஆயுள் தண்டனை. ஒருவர் விடுதலை.

இதில் யாருக்கு நியாயம் கிடைத்தது? பெமாயில் தாலி அறுத்த பெண்களுக்குக் கிடைக்கவில்லை. பெமாயில் சீரழிக்கப்பட்ட பூலானுக்கும் கிடைக்கவில்லை. யார் என்ன செய்தார் என்று கோர்ட்டு காலத்தில் சொல்லவே இல்லை. உண்மையே வெளிவராத இடத்தில், யார் எதை மன்னிப்பது?

1972-ல் ஜெயப்பிரகாஷ் வழக்கும் தண்டனையும் வேண்டும் என்று ஏன் ஒப்புக் கொண்டார் என்பது இங்கே புரியும்.

செய்ய வேண்டியது

கொலைக் குற்றவாளிக்கும் திருந்த வழி விட வேண்டும். அது சர்க்காரின் வேலை. தூக்கு மேடையும் இருட்டுக் கொட்டடியும் அந்த வழியை அடைக்கின்றன. சர்க்கார் தண்டனையைக் குறைக்கலாம். ஆனால் "மன்னித்து விட்டோம்" என்று சர்க்கார் சொல்லக் கூடாது. அது செத்தவனின் மனைவி சொல்ல வேண்டிய வார்த்தை. அவள் சொன்னாலும் சரி, சாகும் வரை சொல்லாவிட்டாலும் சரி, அது அவள் இஷ்டம். ஆயுள் கைதியை முன்கூட்டி விடுதலை செய்யும்போது, அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்பது முறை. அவள் வேண்டாம் என்றால் விடுதலை நின்று விட வேண்டும் என்பது அல்ல. செய்தியைப் பத்திரிகை பார்த்து அவள் தெரிந்து கொள்ளும்படி விடக் கூடாது.

விடுதலை ஆகி வருபவனுக்கு மாலை, மேளம், இனிப்பு எதுவும் வேண்டாம். வேலை கொடுத்தால் போதும்.

தமிழ்நாட்டில் புழல், வேலூர், திருச்சி, கோவை சிறைகளை ஒட்டிப் பெட்ரோல் பங்குகள் இருக்கின்றன. அங்கே பெட்ரோல் போடுபவர்கள் கைதிகள். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பெட்ரோல் போட்டுக் கொண்டு, சில்லறை வாங்கிக் கொண்டு ஜனங்கள் போகிறார்கள். யாரும் பயப்படுவது இல்லை.

அந்த வேலைக்குக் கூலி உண்டு. கைதிக்கு நியாயமான கூலி கொடுக்க வேண்டும், அதில் ஒரு பங்கைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1998-ல் சொன்னது. தமிழ்நாட்டிலும் கைதியின் கூலியில் ஒரு பகுதி அதற்காகப் பிடிக்கப்படுகிறது. கொன்றவன் உழைத்த காசு, கொல்லப்பட்டவன் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்குப் போகிறது. நல்ல ஏற்பாடு.

இப்படி ஒரு பணம் இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. மனு எழுதிக் கொண்டு, சிறை வாசலிலும் கலெக்டர் ஆபீசிலும் அந்த விதவை காத்துக் கிடக்கக் கூடாது. அதிகாரிகள் விலாசத்தைத் தேடிப் பிடித்து, அவள் வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டும். அந்தக் காசு வேண்டாம் என்று அவள் கதவைச் சாத்தினால், வற்புறுத்தாமல் திரும்பி வர வேண்டும்.